நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

சட்டையைக் கழற்றாமலே வந்து நின்றான் தம்பி. மேலிருந்து மூன்றாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஊசியில் நூல் கோத்து, அவன் நெஞ்சுக்கு நேரே குனிந்து தைத்தாள்.

"குத்திடாதக்கா."

"அசையாம நின்னா ஏன் குத்தப்போகுது? நாப்பத்தோரு வயசாச்சு, ஒரு பட்டன் தைக்கத் தெரியல."

"அதான் நீ இருக்கியே."

முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். அப்போது அவள் நெற்றி அவன் மார்பில் பட்டது. சோப்பு வாசனை. அதற்கு அடியில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ் வாசனை. விடியற்காலை மணி ஐந்து இருபது. ஐந்தரைக்கு பஸ். கதவோரம் துணிப்பை தயாராக இருந்தது. அதற்குள் நாவலின் புதிய பதிப்பு ஒன்று, எழுத்தாளர் அவனுக்கு எழுதிய ஐந்து கடிதங்கள், ஒரு பதினைந்தாம் நம்பர் ஸ்பானர்.

"ஸ்பானர் எதுக்குடா?"

"வாயால சொன்னா ஐயாவுக்குப் புரியாது. செஞ்சு காட்டணும். அவங்க வீட்ல ஒரு சைக்கிளாவது இல்லாமலா இருக்கும்?" வாசலில் நின்று செருப்பை மாட்டினான். "ராத்திரிக்கு எனக்கு எடுத்து வைக்காத. அங்கயே சாப்பிடச் சொல்வாங்க."

"சரி."

அந்த ஐந்து கடிதங்களையும் எழுதியது அக்காதான். அதைச் சொல்லிவிட அவளுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் அவள் பொத்தான் தைத்தாள்.

தம்பி வைத்திருந்தது ஒரு சைக்கிள் கடை. மனைவி நோயில் போன பிறகு அவன் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட அக்கா, ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். கடையைத் திறக்காமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவனுக்கு ஆபீஸ் அலமாரியிலிருந்து அந்த நாவலை எடுத்து வந்து கொடுத்தவளும் அவள்தான். ஏதாவது ஒன்றில் அவன் மனம் ஒட்டினால் போதும் என்று நினைத்தாள். ஒட்டியது. பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டது.

அந்த எழுத்தாளரின் புத்தகம் எது வந்தாலும் மூன்று பிரதி வாங்குவான். ஒன்று படிக்க, ஒன்று இரவல் கொடுக்க, ஒன்று பிரிக்காமல் வைக்க. நூலகத்துக்குப் போனால் அவருடைய புத்தகங்களை முன்வரிசைக்கு நகர்த்திவிட்டுத்தான் உட்காருவான். அட்டை கிழிந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, பங்சர் ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பான். பத்திரிகையில் வந்த அவர் படம், காற்றடிக்கும் பம்புக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்கியது. அவர் பிறந்த நாளன்று எல்லோருக்கும் காற்று இலவசம். அவரைக் குறை சொன்னவனுக்கு அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே பங்சர் கிடையாது.

பக்கத்துக் கடை சலூன்காரர் ஒரு பாடகருக்கு அடிமை. நாள் முழுக்க அந்தக் குரல்தான் அங்கே ஓடும். பாடகரின் பிறந்த நாளுக்கு அவர் கடையில் ஷேவிங் இலவசம்.

"என் ஆளு பாடினா செத்தவன் எந்திரிச்சு உக்காருவான்," என்பார் சலூன்காரர். "உன் ஆளு எழுதினதைப் படிச்சா முழிச்சிருக்கிறவனும் சாய்ஞ்சிடுவான்."

"உங்க ஆளு பாடற வரியை எழுதிக் குடுக்கறது யாரு அண்ணே? எழுதற ஆளுதானே?"

இருவரும் ஒரு டீயைப் பாதியாக்கிக் குடிப்பவர்கள். நாளைக்கு இருபது தடவை இந்தச் சண்டை நடக்கும்.

நாவலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் இடம் வரும். கடன்காரனிடம் போகப்போகும் அப்பாவின் பழைய சைக்கிளை மகன் கடைசியாக ஒரு முறை துடைக்கிறான். பிறகு, நினைவுக்காக அதன் இடது பெடலை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்கிறான். படித்தவர்கள் எல்லோரும் கண் கலங்குகிற இடம். தம்பியும் கலங்கினான். கலங்கி, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி படித்தான். பிறகு எழுந்துபோய் ஸ்பானரை எடுத்து வந்தான்.

"அக்கா, இவன் இடப்பக்கம் திருப்பறான்."

"அதனால என்ன?"

"இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம். வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலும். இவன் திருப்பற மாதிரி திருப்பினா ஜென்மத்துக்கும் கழலாது, இன்னும் இறுகும். பாவம், அப்பாவோட பெடல் அவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது."

சலூன்காரர் காதில் விழுந்ததும் அவர் விடவில்லை. "உனக்குத்தான்டா மரை கழண்டிருக்கு," என்றார். அன்றிலிருந்து தெருவுக்கு அவன் பெயர் நூத்திப்பன்னண்டு. "நூத்திப்பன்னண்டு, பின் சக்கரத்துக்குக் காத்து," என்று பெரியவர்களே கேட்டார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, எழுத்தாளருக்கு நான்கு பக்கம் எழுதினான். குற்றம் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது என்று மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தான். அதைத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருந்தான். எட்டு மாதம். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்பான். அவர் தாண்டிப் போனதும் உட்காருவான். பிறகு எழுந்து நிற்பதையும் விட்டான். ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. "தப்பா எழுதிட்டேன் போலக்கா. ஐயா மனசு நோகும்படி எழுதிட்டேன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அதே பழைய சுவர்.

இருபது வருடமாக அடுத்தவர்களுடைய 'நான்'களை டைப் அடித்துப் பிழைப்பவள் அக்கா. நிலம் பறிபோன கிழவர், மகனைப் பிரிந்த தாய், ஏமாந்த பங்காளி, எல்லோருக்காகவும் 'நான்' என்று தொடங்கி எழுதியவள். அன்று ஆபீஸில் எல்லோரும் போன பிறகு, ஒரு வெள்ளைத்தாளை மெஷினில் சொருகினாள். 'அன்பு நண்பருக்கு, உங்கள் கடிதம் என்னை வெட்கப்படவும் மகிழவும் வைத்தது. அடுத்த பதிப்பில் மாற்றிவிடுகிறேன்.' புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சாகியிருந்த கையெழுத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே தாளை வைத்து வரைந்தாள். எழுத்தாளர் வசிக்கும் நகரத்துக்கு வழக்கு விஷயமாக மாதம் ஒரு முறை போகும் ஆபீஸ் குமாஸ்தாவிடம் அங்கிருந்தே தபாலில் போடச் சொன்னாள். அவர் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும்.

கடிதம் வந்த மறுநாளே கடை திறந்தது. அந்தத் தெருவில் யாரும் அந்தக் கடிதத்தைப் படிக்காமல் தப்பவில்லை. சலூன்காரர் மட்டும் பாட்டை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, "உண்மையிலேயே பெரிய மனுஷன்தான்டா," என்றார்.

ஒன்றோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. அவன் பதில் எழுதினான். "ஆபீஸ் போற வழியில நான் போடறேன்," என்று வாங்கிக்கொண்டவள், அதை டிராயரில் கார்பன் தாளுக்கு அடியில் வைத்தாள். ஆறு மாதத்துக்கு ஒன்றாக அவளே பதில் எழுதினாள். பிறகு, நேரில் பார்க்க வரட்டுமா என்று அவன் கேட்டான். ஐந்தாவது கடிதத்தில் எழுதினாள்: 'உடம்பு சரியில்லை. சமீபமாக ஞாபகம் தப்புகிறது. நேற்று எழுதியதே இன்று மறந்துபோகிறது. யாரையும் பார்ப்பதில்லை, மன்னியுங்கள்.'

இதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

நான்கு மாதத்தில் புதிய பதிப்பு வந்தது. மூன்று பிரதி வாங்கிவந்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தான். மகன் அப்போதும் இடப்பக்கமே திருப்பிக்கொண்டிருந்தான். தம்பிக்குக் கோபம் வரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "ஐயா சொல்ல மறந்துட்டாருக்கா. பாவம், எழுதியிருந்தாரே. யாராவது போய் ஞாபகப்படுத்தணும்." அக்கா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். தொந்தரவு செய்யாதே என்றாள், வெயில் என்றாள், தனக்குத் தலைவலி என்றாள். ஒற்றைக் காலில் நின்றான்.

அவன் பஸ் ஏறிப்போன அன்று மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். பையில் இருந்த ஒரு சீட்டில் அந்த எண்ணை எழுதி வைத்திருந்தானாம்.

பகல் ஒன்றே முக்காலுக்கு, பஸ் நிலையத்துக்கு முந்தின சாலையைக் கடக்கும்போது லாரி அடித்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் லாரிக்காரனும் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "மூணு தடவ ஹாரன் அடிச்சேம்மா. அவரு பாட்டுக்கு நடந்து வந்தாரு. திரும்பிக்கூடப் பாக்கல." கான்ஸ்டபிள் பையைக் கொடுத்தார். புத்தகம் இருந்தது. ஸ்பானர் இருந்தது. கடிதங்கள் இல்லை. அவனுடைய சட்டையை ஒரு பாலிதீன் பையில் போட்டுத் தந்தார்கள். அவள் தைத்த பொத்தான் அப்படியே இருந்தது.

பத்தே காலுக்கு நகரத்தில் இறங்கியவன், ஒன்றே முக்கால் வரைக்கும் உயிரோடு இருந்திருக்கிறான். மூன்றரை மணி நேரம். அந்த மூன்றரை மணி நேரம் அக்காவின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எழுத்தாளர் வீட்டுக்குப் போனானா? உண்மை தெரிந்துவிட்டதா? தன்னை முட்டாளாக்கியது அக்கா என்று தெரிந்துதான் ஹாரன் காதில் விழாமல் நடந்தானா?

"லெட்டரு ரோட்ல பறந்திருக்கும்," என்றார் குமாஸ்தா.

"பறக்காது. பழைய ட்யூபை வளையமா வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தான்."

"தெரிஞ்சு என்னம்மா பண்ணப்போறீங்க? போனவரு போயிட்டாரு."

"தெரிஞ்சு செத்தானா, தெரியாம செத்தானா. அது ஒண்ணு எனக்குத் தெரியணும். அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும்."

"தெரிஞ்சுதான்னு சொல்லிட்டாங்கன்னா?"

அவள் டைப் அடித்துக்கொண்டிருந்த மனுவில் 'நான்' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. சலூனில் இரண்டு மாதமாகப் பாட்டு இல்லை. சலூன்காரர் பாடகரை நாள் கணக்கில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. காலையில் ஆபீஸ் போகும்போது அந்த மௌனத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் அதைத் தாண்ட முடியாமல், அவள் அப்படியே பஸ் ஏறிவிட்டாள்.

எழுத்தாளர் வீட்டு முன்கூடத்தில் ஒரு நீள பெஞ்சு. அதற்குப் பக்கத்தில், காற்றிறங்கிய ஒரு பழைய சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கையெழுத்து வாங்க வந்த இரண்டு மாணவிகள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கிப் போனார்கள். எழுத்தாளரின் மனைவி, கண்ணாடி போட்ட மெலிந்த அம்மாள், "நீங்களும் கையெழுத்துக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசம் முன்னால சைக்கிள் கடைக்காரர் ஒருத்தர் வந்தாரா? அவனோட அக்கா நான்."

அந்த அம்மாளின் முகம் மாறியது. உட்காரச் சொன்னார். எதிரில் தானும் உட்கார்ந்தார். விபத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியவில்லை. அக்கா சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பதினொரு மணிக்கு வந்தாரும்மா. உக்காரச் சொன்னா உக்காரல. நாற்காலியில கிரீஸ் ஒட்டிக்குமாம். முதல்ல நல்லாத்தான் இருந்தது. ஸ்பானரை எடுத்து, இதோ இந்த சைக்கிள்ல பெடலைக் கழட்டி, மாட்டி, மறுபடி கழட்டிக் காட்டினார். இவரும் சின்னப் பையனாட்டம் கீழ குனிஞ்சு பாத்துட்டிருந்தார். அப்புறம் உங்க தம்பி, 'ஐயா நீங்க மாத்தறேன்னு எழுதியிருந்தீங்களே'ன்னு லெட்டர் கட்டை எடுத்தார்."

"ஐயா படிச்சாரா?"

"படிச்சார். இது நான் எழுதினது இல்லையேன்னார்."

"அதுக்கு அவன்?"

"சிரிச்சார். விளையாடறார்னு நினைச்சிருப்பார். இவர் அடிச்சுச் சொன்னதும்தான் முகம் வாடிப்போச்சு. கடைசி லெட்டரை எடுத்து என்கிட்ட நீட்டினார். 'அம்மா, ஐயாவே எழுதியிருக்காரு பாருங்க, நேத்து எழுதினது இன்னிக்கு மறந்துடுதுன்னு.' அப்புறம் இவர்கிட்ட போய் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னார். 'பரவால்லீங்கய்யா. நீங்க மறந்தா என்ன, நான் பத்திரமா வச்சிருக்கேன்ல.' இவருக்குக் கோபம் வந்துடுச்சு. என் வீட்லயே வந்து எனக்குப் பைத்தியம்னு பட்டம் கட்டறியான்னு கத்திட்டார். அவர் கொஞ்சங்கூடக் கோவிச்சுக்கல. வாசல் வரைக்கும் வந்த என்னைத் தனியாக் கூப்பிட்டு அழுதார். ஆம்பளை ஒருத்தர் அப்படி அழுது நான் பாத்ததில்லம்மா."

எழுந்து உள்ளே போய், ஒரு கட்டைக் கொண்டுவந்தார். கறுப்பு ட்யூப் வளையம் போட்ட கட்டு. அதற்கு மேலே ஒரு கடை பில். பின்பக்கத்தில் தம்பியின் சாய்ந்த எழுத்து. ஒரு நரம்பு டாக்டரின் பெயர், வக்கீல் ஆபீஸ் போன் எண்.

"லெட்டர் ஐயாகிட்டயே இருக்கட்டும், தினம் ஒண்ணு படிச்சுக் காட்டுங்க, ஞாபகம் வரும்னார். இந்த டாக்டர் அவங்க அக்காவோட வக்கீலுக்குத் தெரிஞ்சவராம். ஒரு போன் போடுங்க, எங்கக்கா எல்லாம் பாத்துக்கும்னு சொல்லிட்டுப் போனார்."

கதவருகே எழுத்தாளர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. படத்தில் இருப்பதைவிடக் குள்ளமாக இருந்தார்.

"அதை எழுதினது நான்," என்றாள் அக்கா.

"எதை?"

"அஞ்சு லெட்டரும். ஞாபகம் தப்புதுன்னு எழுதினதும் நான்தான். அவன் இங்க வந்துடக் கூடாதுன்னு எழுதினேன்."

வைவார் என்று எதிர்பார்த்தாள். போலீஸ் என்பார், வெளியே போ என்பார். எழுத்தாளர் நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். "அப்பாடா," என்றார்.

அவர் மனைவி திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்லம்மா," என்றார். "கண்ணாடியை எங்க வச்சேன்னு மறந்தாக்கூட உடம்பு நடுங்குது. ஒருவேளை நான்தான் எழுதி மறந்துட்டேனோன்னு. அந்தக் கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இருக்கு. அவர் பொய் சொல்ற ஆளாத் தெரியல. நேத்துக்கூட அந்த டாக்டருக்குப் போன் பண்ணலாம்னு இவகிட்ட சொன்னேன்." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தோள் தளர்ந்து கீழே இறங்கியது. ஒரு மனிதனுக்கு உயிர் திரும்பி வருவதை அக்கா எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். அந்த உயிர் யாருக்குத் திரும்ப வேண்டியதோ அவனுக்குத் திரும்பவில்லை.

வந்துபோன அந்த மனிதர் இறந்துவிட்டார் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். "கத்தாம இருந்திருக்கலாம்," என்றார். பிறகு, "அந்த பெடல். வலப்பக்கம் திருப்பணும், இல்லையா? அடுத்த பதிப்பில் மாத்திடறேன்மா."

இரண்டரை வருடத்துக்கு முன் அவள் முதல் கடிதத்தில் அவருக்காக எழுதிய அதே வாக்கியம். அவள் கட்டை வாங்கிக்கொண்டு கும்பிட்டாள். வெளியே வரும்போது அந்த சைக்கிளின் இடது பெடலைத் தொட்டாள். இறுக்கமாக, ஆடாமல் இருந்தது. கழற்றிக் காட்டியவன் கிளம்புவதற்கு முன் சரியாக மாட்டிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

அந்தச் சாலையை அவளும் கடந்தாள். நடுவில் ஒரு கணம் நின்றாள். ஹாரன்கள் அடித்தன. யாரோ கையைப் பிடித்து இழுத்து ஓரமாக விட்டு, "சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா?" என்று திட்டிவிட்டுப் போனார்கள்.

"தெரிஞ்சுதா?" என்று கேட்டார் குமாஸ்தா மறுநாள்.

"தெரிஞ்சுது. அவனுக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாது."

"அப்ப நிம்மதிதானே?"

தெரிந்து செத்திருந்தால் அவளைத் திட்டிக்கொண்டே செத்திருப்பான். அது அவளுக்குச் சேர வேண்டியது, வாங்கிக்கொண்டிருப்பாள். தெரியாமல் செத்திருந்தால் சந்தோஷமாகச் செத்திருப்பான் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் அவன், உலகத்திலேயே பெரிய மனிதர் என்று நம்பியவருக்கு மரை கழன்றுவிட்டதே என்ற துக்கத்தில், கண் மறைக்க அழுதுகொண்டு, அக்கா பார்த்துக்கொள்வாள் என்ற ஒரே நம்பிக்கையோடு சாலையில் இறங்கியிருக்கிறான். இதை அவள் குமாஸ்தாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. டிராயரில் கார்பன் தாளுக்கு அடியில் இருந்த அவன் கடிதங்களை எடுத்து, அந்த ஐந்தோடு சேர்த்து, அதே ட்யூப் வளையத்தைப் போட்டாள். வளையம் தாங்கியது.

ஒரு வருடமும் சில மாதங்களும் போயின. சலூன்காரர் மெல்ல, சத்தம் குறைத்து, மறுபடி பாடகரைப் பாட விட்டார். தம்பியின் கடை பூட்டியே கிடந்தது. பம்புக்கு மேலே படம் அப்படியே இருந்தது. அதை இறக்க யாருக்கும் மனம் வரவில்லை.

புதிய பதிப்பு வந்திருப்பதாகக் குமாஸ்தாதான் சொன்னார். அக்கா கடைக்குப் போய் மூன்று பிரதி வாங்கினாள். வீடு வரை பொறுக்கவில்லை. பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தாள். கத்தரிக்கோலும் கையுமாகச் சலூன்காரர் வெளியே வந்து நின்றார். உள்ளே, பாதி முடி வெட்டிய ஆள் துண்டோடு காத்திருந்தார்.

"என்னம்மா, மாத்திட்டாங்களா?"

அவள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை விரலால் தடவிப் படித்தாள். மகன் சைக்கிளைத் துடைக்கிறான். குனிகிறான். இடது பெடலில் ஸ்பானரை வைத்து, பழையபடி இடப்பக்கமாகவே திருப்புகிறான். அது கழன்று அவன் கையில் வருகிறது.